தேசிய அழகிப் போட்டியில் தமிழில் பதில் சொல்ல அனுமதி உண்டா?

நெசவூர்க்காரி (கேள்வி)

என் அக்காள் மகளுக்காக இதைக் கேட்கிறேன். அவளுக்கு வயது 22. பன்னிரண்டாம் வகுப்புவரை எங்கள் ஊர் அரசு மகளிர் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆடை வடிவமைப்பு முடித்தவள். உயரமும் நடையும் இயல்பிலேயே அமைந்த பெண். கல்லூரி விழாவில் அவள் மேடையேறியதைப் பார்த்த ஆசிரியை ஒருவர் தூண்டியதன்பேரில், சென்ற மாதம் ஒரு தேசிய அழகிப் போட்டியின் மாநிலத் தேர்வுக்குப் போய்வந்தாள். துணைக்குச் சென்றவள் நான்தான்.

விண்ணப்பப் படிவத்தில் 'அறிந்த மொழிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ், தெலுங்கு, ஓரளவு ஆங்கிலம் என்று நிரப்பினாள். மூன்று மொழி எழுதியதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் உள்ளே போனபின் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. உயரம் அளந்து, நடக்கச் சொல்லி, கடைசியில் பேசும் சுற்று வந்தபோது குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடுகிறது. அதைப் பற்றி இரவெல்லாம் பேசக்கூடியவள், 'பாவு' என்பதற்கு ஆங்கிலச் சொல் அகப்படாமல் நின்றுவிட்டாள். நீளவாக்கில் ஓடும் நூல் என்பதை விரலால் காற்றில் கோடிழுத்துக் காட்டினாள். நடுவர்களில் ஒருவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு அவளுக்கு வாய் வரவில்லை. நன்றி கூறி அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

கதவோரம் நின்றிருந்த எனக்கு உறுத்திய செய்தி வேறொன்று. மூன்று நடுவர்களில் இருவர் தமிழர்கள். தேநீர் இடைவேளையில் தங்களுக்குள் தமிழில்தான் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டும் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஆங்கிலம் கட்டாயம் என்று எங்கேனும் விதி எழுதப்பட்டிருக்கிறதா, தமிழில் பதில் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்க இயலுமா, அப்படிக் கேட்டால் அதுவே அவளுக்குக் குறையாகிவிடுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். 'இந்தப் போட்டிகளே வேண்டாம்' என்ற வாதத்தை வீட்டில் போதுமான அளவு கேட்டாகிவிட்டது; அதை இங்கே தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.


முதல்வரிசை

1994 முதல் இந்தப் போட்டிகளைத் தவறாமல் பார்த்துவருபவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

விதி வேறு, வழக்கம் வேறு. மிஸ் யுனிவர்ஸ் மேடையில் போட்டியாளர் தம் மொழியிலேயே பதில் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்வார். இது ஏட்டில் மட்டும் உள்ள சலுகையன்று, பட்டமே அப்படித்தான் பலமுறை கைமாறியிருக்கிறது. 2010இல் மெக்சிகோவின் ஹிமேனா நவரெத்தே, 2013இல் வெனிசுவேலாவின் காப்ரியேலா இஸ்லர், 2014இல் கொலம்பியாவின் பவுலினா வேகா, 2023இல் நிகராகுவாவின் ஷெய்னிஸ் பலாசியோஸ் ஆகியோர் ஸ்பானிய மொழியில் பதில் சொல்லி வென்றவர்கள். 2011இல் அங்கோலாவின் லெய்லா லோபெஸ் போர்த்துகீசிய மொழியில் பேசினார். உடலில் ஏதேனும் ஒன்றை மாற்றிக்கொள்ள முடியுமானால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, கடவுள் படைத்தபடியே தமக்கு நிறைவாக இருக்கிறது என்று அவர் சொன்ன பதில் மொழிபெயர்ப்பில் வந்தும் அரங்கத்தை அதிரவைத்தது.

இவற்றுள் 2010ஆம் ஆண்டு இறுதிச்சுற்றை உங்கள் அக்காள் மகள் ஒருமுறை பார்க்க வேண்டும். லாஸ் வேகாஸில் அந்த ஒரே இரவில் இரண்டு காட்சிகள் நடந்தன. பிலிப்பைன்ஸின் வீனஸ் ராஜிடம், வாழ்க்கையில் செய்த ஒரு பெரிய தவறு என்ன, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டு வாழ்வில் 'மேஜர் மேஜர்' சிக்கல் எதையும் தாம் செய்ததில்லை என்றார். சொல்லை இரட்டித்து அழுத்தம் தருவது அவர்கள் மொழியின் இயல்பு. நாம் 'பெரிய பெரிய தப்பு' என்று சொல்வதைப் போன்றதுதான். ஆனால் உலகம் அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவருக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. இணையத்தில் உலவும் பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்குத் தம் தாய்மொழியில் நிதானமாகப் பதில் சொன்ன மெக்சிகோ பெண் கிரீடம் சூடினார். (வீனஸ் ராஜின் தந்தை இந்தியர் என்பது போகிற போக்கில் ஒரு செய்தி.)

சரளம் எதை மறைக்கும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2000ஆம் ஆண்டு மிஸ் வேர்ல்டு மேடையில், இன்று வாழும் பெண்களுள் மிக வெற்றி பெற்றவர் யார் என்ற கேள்விக்குப் பிரியங்கா சோப்ரா அன்னை தெரசாவின் பெயரைச் சொன்னார். அன்னை மறைந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டம் அவருக்கே கிடைத்தது. தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் ஒரு பெண் அதே பிழையைச் செய்திருந்தால், அவளுடைய பொது அறிவைப் பற்றி எத்தனை கட்டுரைகள் வந்திருக்கும்!

இனி நம் நாட்டு நிலைமை. ஃபெமினா மிஸ் இந்தியாவில் வெல்பவர் மிஸ் வேர்ல்டுக்குச் செல்கிறார். மிஸ் யுனிவர்ஸுக்கு அனுப்பும் உரிமை 2024 முதல் வேறொரு நிறுவனத்திடம் இருக்கிறது. எனவே 'இந்திய விதி' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்தப் போட்டியோ அதன் அமைப்பாளரைத்தான் கேட்க வேண்டும். நான் பார்த்த அளவில், இறுதிச்சுற்றில் தொகுப்பாளர்கள் இந்தியும் ஆங்கிலமும் கலந்து கலகலவென்று பேசுவார்கள். கேள்வி நேரம் வந்ததும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உலக மேடையில் திறந்திருக்கும் கதவு, அதற்குப் போகும் வழியில் உள்ள உள்ளூர்ச் சல்லடையில் அடைபட்டுக் கிடக்கிறது என்பதே என் குறை.


நேர்ப்பேச்சு

கேட்டவருக்கு ஆறுதல் சொல்வதைவிட உண்மையைச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன். கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரீடம் சூடிய பெண் அடுத்த ஓராண்டுக்கு ஒரு வேலையில் அமர்கிறாள். விளம்பரதாரருடன் பேச வேண்டும், பத்திரிகையாளர் கேட்பதற்கு உடனுக்குடன் பதில் தர வேண்டும், நாடு நாடாகப் போக வேண்டும். மேடையில் நாம் பார்க்கும் அரை நிமிடக் கேள்விக்கு முன்பே நடுவர்களுடன் மூடிய அறையில் நேர்காணல் நடந்து முடிந்திருக்கும். யாரை எதுவரை கொண்டுபோவது என்ற எண்ணம் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. ஆண்டு முழுவதும் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் செல்வது அமைப்பாளருக்குச் செலவு. அவர் ஆங்கிலம் எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

அடுத்து நீங்கள் எல்லோரும் மறந்துவிடும் ஒன்று. தேசியப் போட்டியிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டால், அந்த நாற்காலியில் வந்து உட்காரப்போவது தமிழா? மும்பையிலோ டெல்லியிலோ நடக்கும் இறுதிச்சுற்றில் 'நம் மொழியில் பேசலாம்' என்று அறிவித்தால், அங்கே நம் மொழி என்பதற்குப் பொருள் இந்தி என்றுதான் ஆகும். லக்னோவிலிருந்து வரும் பெண்ணுக்கு அது தாய்மொழி. சேலத்திலிருந்து வரும் பெண்ணுக்கு இன்னொரு சுவர். ஆங்கிலம் எல்லோருக்கும் சமமாகத் தூரம் என்று சொல்ல மாட்டேன், பணமுள்ள வீட்டுக்கு அது பக்கம்தான். ஆயினும் மாநிலத்துக்கு மாநிலம் ஏற்படும் ஏற்றத்தாழ்வை அது ஓரளவு குறைக்கிறது.

பிலிப்பைன்ஸில் இதே சிக்கல் வெளிப்படையாக வெடித்தது. வீனஸ் ராஜின் பதிலைத் தொடர்ந்து, போட்டியாளர்கள் தத்தம் மொழியில் பேசினால் என்ன என்று 1969ஆம் ஆண்டின் மிஸ் யுனிவர்ஸான குளோரியா டயஸ் கருத்துச் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் எடுத்துக்காட்டாக, செபு பகுதிப் பெண்ணுக்கு ஆங்கிலமும், ஃபிலிப்பினோ மொழிக்கு அடிப்படையான தகலோகும் அவ்வளவாக வராது என்ற பொருளில் பேசிவிட்டார். செபுவில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அந்நாட்டு அரசமைப்பில் ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். செபுவின் மொழியான செபுவானோ பேசுபவர்களோ இரண்டுக்கும் வெளியே நிற்பவர்கள். 'தாய்மொழியில் பேசட்டும்' என்றவுடன் யாருடைய தாய் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

ஆகவே என் ஆலோசனை எளியது. ஓராண்டு இருக்கிறது. ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும். அவள் வயதில் அது மலையன்று.


முதல்வரிசை

நேர்ப்பேச்சு ஐயாவுக்கு: இந்தியைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் நான் கேட்பது ஆங்கிலத்தின் இடத்தில் வேறொரு மொழியை உட்காரவைப்பதை அன்று. யார் எந்த மொழியில் சொன்னாலும் கேட்டுக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறேன். நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தமிழில் பேச முடிகிறது; உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒளியமைப்புக்கும் உடைக்கும் தண்ணீராய்ச் செலவழிக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு அது முடியாதா?

ஆங்கிலம் வேண்டும் என்ற எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒன்று. 2012 இறுதிச்சுற்றில் பிலிப்பைன்ஸின் ஜானின் துகோனோனிடம் இதையே கேள்வியாகக் கேட்டார்கள்: மிஸ் யுனிவர்ஸ் ஆவதற்கு ஆங்கிலம் தெரிந்திருப்பது முன்நிபந்தனையாக இருக்க வேண்டுமா என்று. குறிப்பிட்ட ஒரு மொழியை அறிந்திருப்பது மட்டும் இப்பட்டம் ஆகாது, பிறருக்கு ஊக்கம் தரவும் தொண்டு செய்யவும் மனமிருந்தால் எந்த மொழி பேசினாலும் போதும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அழகான ஆங்கிலத்தில் சொன்னார் என்பதுதான் இதில் வேடிக்கை. இரண்டாம் இடம் பெற்றார்.


இருமொழியன்

நான் தொழில்முறையில் வாய்மொழி பெயர்ப்பவன். மருத்துவ மாநாடுகளிலும் ஆலைப் பேச்சுவார்த்தைகளிலும் தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் இடையில் உட்கார்ந்தே காலம் கழிகிறது. அழகிப் போட்டி மேடை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அரை நிமிடப் பேச்சைப் பெயர்ப்பது என்றால் என்ன என்பது தெரியும். கேட்டவருக்கு அதில் பயன்படும் சில செய்திகள் உண்டு.

ஸ்பானிய மொழிக்காரருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அவர்களுடைய வாக்கியத்தில் வினைச்சொல் ஆங்கிலத்தைப் போலவே முன்னாலேயே வந்துவிடும். பெயர்ப்பவர் காதில் விழ விழத் தொடுத்துக்கொண்டே போகலாம். தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. எதிர்மறையும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 'பெண்கள் வேலைக்குப் போவதால் குடும்பம் சிதைகிறது என்று பலரும் சொல்வதை நான் ஏற்றுக்கொண்ட' என்பதுவரை கேட்டுவிட்டு, அடுத்து வரப்போவது 'து உண்டு' என்பதா, 'தில்லை' என்பதா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ முறை காத்திருந்திருக்கிறேன். பேசுபவர் அந்த இடத்தில் மூச்சு வாங்கினால் என் உயிர் போய்விடும்.

ஆகவே அந்தப் பெண் தமிழில் பேசுவதானால், 'நான் இதை ஏற்கவில்லை. காரணம் சொல்கிறேன்' என்று முடிவை முதல் வாக்கியத்திலேயே வைத்துவிட வேண்டும். வாக்கியம் பத்துச் சொல்லுக்குமேல் போகக் கூடாது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பெயர்ப்பவரைப் பார்க்க வேண்டும். நிறுத்தாமல் கொட்டிவிட்டால், பெயர்ப்பவர் சாரத்தை மட்டும் எடுத்துச் சொல்வார். அவளுடைய நகைச்சுவையும் அழுத்தமும் காற்றோடு போய்விடும். நடுவர்கள் மதிப்பெண் போடுவது அவள் சொன்னதற்கா, பெயர்ப்பவர் சொன்னதற்கா என்ற கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இரண்டாவதுதான். ஆகவே பெயர்ப்பவரை அமைப்பாளர் தருவாரா, நாமே அழைத்துவரலாமா என்பதை முதலில் கேளுங்கள். முன்பின் பழகாத ஆள் என்றால், குறைந்தது ஒரு மணி நேரமாவது இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

எதிர்த்தரப்பு சொல்லும் ஒரு புகாரையும் மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் புரிந்த ஒருவர் பெயர்ப்பாளரை வைத்துக்கொண்டால், கேள்வி அவர் காதில் இருமுறை விழுகிறது. இடையில் யோசிக்கச் சில நொடிகள் கிடைக்கின்றன. இது உண்மைதான். ஆனால் புரிவது வேறு, பேசுவது வேறு. எனக்கு மலையாளம் நன்றாகப் புரியும். மலையாளத்தில் என்னை நேர்காணல் செய்தால் தோற்றுப்போவேன்.

நேர்ப்பேச்சு சொன்ன ஆங்கிலப் பயிற்சியையும் நான் தள்ளவில்லை. ஆனால் பயிற்சி என்ற பெயரில் இருபது விடைகளை மனப்பாடம் செய்யவைப்பார்கள், அதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். எதைக் கேட்டாலும் 'அதிகாரமளித்தல்' என்று தொடங்கும் அந்த விடைகளை நடுவர்கள் காலையிலிருந்தே கேட்டுச் சலித்திருப்பார்கள்.

'பாவு' விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு 'வார்ப்' என்றும், குறுக்கே ஓடும் நூலான ஊடைக்கு 'வெஃப்ட்' என்றும் ஆங்கிலத்தில் பெயர். சொல் இரண்டும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் நான் பெயர்ப்பவனாக இருந்தால் 'பாவு' என்ற சொல்லை அவள் வாயிலிருந்தே வரவிட்டு, அடுத்த மூச்சில் விளக்கம் சொல்வேன். துணி நெய்யாத ஆங்கிலேயரிலும் பாதிப் பேருக்கு 'வார்ப்' என்றால் என்னவென்று தெரியாது.


சிராங்கூன்வாசி

ஆங்கிலம் கற்றுவிட்டால் சிரிப்பு நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்காகச் சிங்கப்பூரிலிருந்து ஒரு குறிப்பு.

இங்கே பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கிலத்தில்தான். அப்படியும் 2009இல் மிஸ் சிங்கப்பூர் வேர்ல்டு பட்டம் பெற்ற பெண் ஒரு காணொளி நேர்காணலில் 'பூம்ஸ்' என்று ஒரு சொல்லைச் சொல்லப்போக, அவருடைய உச்சரிப்பை ஊரே கேலி செய்தது. காப்பிக் கடைகளில் அதே ஆங்கிலத்தைப் பேசுகிறவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். வீட்டில் பேசும் ஆங்கிலம் ஒன்று, மேடையில் எதிர்பார்க்கும் ஆங்கிலம் ஒன்று.

சிரித்தவர்கள் வெட்கப்பட நேர்ந்த சம்பவமும் உண்டு. 2018இல் பாங்காக்கில் நடந்த மிஸ் யுனிவர்ஸ் போட்டியின்போது, அமெரிக்கப் போட்டியாளர் வியட்நாம், கம்போடியப் பெண்களின் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசிய காணொளி பரவி, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த வியட்நாம் பெண் ஹெஹென் நிய், ஏடே என்ற சிறுபான்மை இனத்தவர். வியட்நாமிய மொழியே அவருக்கு வீட்டுமொழி கிடையாது. பெயர்ப்பாளரின் துணையுடன் பதில் சொல்லி முதல் ஐவருக்குள் வந்தார்.


நெசவூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். நேர்ப்பேச்சு எழுதியதைப் படித்ததும் முகம் சுருங்கியது. ஆனால் அதைத்தான் இருமுறை படித்தாள்.

இரண்டையும் செய்வது என்று முடிவெடுத்திருக்கிறோம். ஆங்கில வகுப்புக்குப் பேசியாகிவிட்டது. மாலை ஏழு மணி வகுப்பு. தறிச் சத்தம் அடங்குவதும் அந்த நேரத்தில்தான். அமைப்பாளருக்கும் சென்ற வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் அனுப்பினோம். போட்டியாளர் தமிழில் பதில் தரலாமா, பெயர்ப்பாளரை யார் தருவது, மூடிய அறை நேர்காணலுக்கும் அது பொருந்துமா என்று மூன்றே கேள்விகள். மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்ததைச் சொல்லி அவளே சிரித்துக்கொண்டாள்.

இருமொழியன் சொன்னபடி முடிவை முதலில் சொல்லிப் பழகுகிறாள். நேற்றுச் சமையலறையில் நான் நடுவர், என் கணவர் பெயர்ப்பாளர். உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். 'எங்கள் வீடு தறியால் நடக்கிறது' என்று தொடங்கி நன்றாகவே போனாள். பாவு என்ற இடத்தில் அவள் நிறுத்தி அவரைப் பார்க்க, அவர் விழித்துக்கொண்டு நின்றார். இந்த முறை விரலால் காற்றில் கோடிழுத்தது அவர்தான்.

அமைப்பாளரிடமிருந்து பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.